போத்தலின் பின்பக்கம்

தர்ஷனாவின் அடுப்படித் தட்டில் எல்லா டின்களும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. பால்மா டின், பிஸ்கட் பக்கெட், சவர்க்காரம், கறித்தூள் பை, எதற்கும் முகம் தெரியவில்லை. பூவும் பசுவும் சிரிக்கும் பெண்ணும் அச்சடித்த பக்கங்கள் சுவரைப் பார்த்திருக்க, பொடி எழுத்துப் பக்கங்கள் வெளியே தெரிந்தன. துக்கம் கேட்க வந்த றுமைஸா அந்தத் தட்டைப் பார்த்ததும், பாயில் உட்காராமல் கொஞ்ச நேரம் நின்றபடியே இருந்தாள். அப்படி அடுக்கி வைக்கச் சொன்னவள் அவள்தான்.

றுமைஸா கண்டிக்காரி. மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கும் மலைநாட்டு நுகர்வோர் உரிமைச் சங்கத்தில் வேலை. சம்பளம் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றும் கிடையாது. ஒரே மழையில் வாய் பிளந்த சப்பாத்து, கடித்தால் நூல் வந்த பணிஸ், எரியாத பல்ப் என்று சனங்கள் அந்த மாடிப்படி ஏறி வருவார்கள். அவற்றை வாங்கி வைத்துக்கொண்டு கம்பெனிகளோடும் கந்தோர் அதிகாரிகளோடும் மல்லுக்கட்டுவது சங்கத்தின் வேலை. றுமைஸாவுக்கு அதில் இன்னொரு பங்கும் இருந்தது. ஹேவாஹெட்ட பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய், பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வரும் பெண்களை மடுவக் கொட்டகையில் உட்காரவைத்து, வாங்கும் சாமானைத் திருப்பிப் பார்க்கப் பழக்குவாள். "முன்பக்கம் அவங்கட பேச்சு. பின்பக்கம்தான் உங்களுக்கு எழுதினது," என்பாள். பெண்கள் சிரிப்பார்கள். "எங்க மாமியாரையும் திருப்பிப் பாத்தா காலாவதி தேதி இருக்குமா மிஸ்?" என்று ஒருத்தி கேட்க, மடுவமே குலுங்கியது ஒருநாள்.

அந்த வகுப்பில் முன்வரிசையில் இருந்தவள் தர்ஷனா. நாவலப்பிட்டியில் சாதாரண தரப் பரீட்சை வரை படித்துவிட்டு இந்தத் தோட்டத்துக்குக் கட்டிக்கொண்டு வந்தவள். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்பாள். பிறகு லயத்து வரிசை வீடுகளில் யார் எதை வாங்கினாலும் அவளிடம் கொண்டுவந்து கொடுத்து வாசிக்கச் சொல்லும் வழக்கம் ஏற்பட்டுவிட்டது. கடைக்காரன் கூட, "வந்துட்டாங்கய்யா இன்ஸ்பெக்டர் அம்மா," என்று கேலி செய்வானாம்.

அந்தக் கைக்குழந்தைதான் இப்போது இல்லை.

பனிக் காலம். ஒரு ராத்திரி பிள்ளைக்கு மூக்கடைத்து மூச்சு இழுத்திருக்கிறது. சந்திக் கடையில் வாங்கிய சளித் தைலத்தை நெஞ்சிலும் மூக்கிலும் தேய்த்திருக்கிறார்கள். கர்ப்பூரம் தூக்கலாகப் போட்ட தைலம். கொஞ்ச நேரத்தில் வலிப்பு வந்துவிட்டது. லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது பிள்ளை துணியில் சுற்றியிருந்தது.

"நான்தாங்க மிஸ் தேச்சேன்," என்றாள் சுப்பம்மா. தர்ஷனாவின் புருஷன் யுகேஷின் அக்கா. கட்டியவன் விட்டுப்போய், பிள்ளை இல்லாமல், தம்பி வீட்டோடு இருக்கிறவள். கொழுந்துக் கறை பிடித்த விரல்களை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்தே பேசினாள். "எழுத்து தெரியாத முண்டம். இந்தக் கையாலதான் தேச்சேன். போலீஸ்லயும் அதத்தான் சொன்னேன்."

வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி, கேட்க வேண்டும் என்றே சொன்னாள்: "பெத்தவளுக்குத்தானே தெரியும் புள்ளையப் பத்தி. பெறாதவ கையில குடுத்தா?"

சுப்பம்மா நிமிரவில்லை. யுகேஷ் கதவு நிலையில் சாய்ந்து வெளியே மலையைப் பார்த்திருந்தான். கண்டியில் டைல் கடையில் வேலை. சனிக்கிழமைகளில்தான் வீட்டுக்கு வருவான். "அந்தக் கைய வெட்டிப் போடணும்," என்று யாரிடமும் இல்லாமல் சொன்னான். தர்ஷனா சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

பஸ் வரும் சந்திக்கு றுமைஸா இறங்கி நடந்தபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. தர்ஷனா. மூச்சிரைக்க வந்து, சேலைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து நீட்டினாள்.

"மிஸ், இத நீங்க ஒருக்கா வாசிங்க. நான் பிழையா வாசிச்சிட்டேனா பாருங்க."

"என்ன மகள் இது?"

"மதினி தேய்க்கத்தான் போனாங்க. நான்தான் கையப் புடிச்சு நிப்பாட்டுனேன். இருங்க, வாசிச்சிட்டு சொல்றேன்னேன். வாசிச்சேன். பொறகு, தேயிங்க மதினின்னு போத்தல நான்தான் கையில குடுத்தேன்." போத்தலை றுமைஸாவின் கையில் வைத்தாள். "ஆஸ்பத்திரியில டாக்டர் திட்டுறாரு. சின்னப் புள்ளைக்குப் பாவிக்க வேணாம்னு இதுலயே போட்டிருக்கே, பாக்கலியான்னு சிங்களத்துல கேக்குறாரு. நான் எத வாசிச்சேன் மிஸ்? தூக்கக் கலக்கத்துல கண்ணு மாறிப் போச்சா? நான் வாயத் தொறக்குறதுக்குள்ள மதினி என் கையப் புடிச்சு அமுக்கிட்டாங்க. நீ பேசாத, எனக்கென்ன புருஷனா புள்ளையா, என்னோட போகட்டும்னுட்டாங்க."

றுமைஸா போத்தலைத் திருப்பினாள். மூன்று மொழியிலும் இருந்தது. சிங்களத்தில் சரி. ஆங்கிலத்தில் சரி. தமிழில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பாவிக்க வேண்டும் என்று இருந்தது.

அந்தப் பெண் தன் முகத்தைப் பார்த்து நிற்கிறாள் என்பது றுமைஸாவுக்குத் தெரிந்தது. எதற்காக ஏங்கி நிற்கிறாள் என்பதும் தெரிந்தது. பிழையாக வாசித்தாய் என்று யாராவது சொன்னால் அவளுக்கு அழ ஓர் இடம் கிடைக்கும். சரியாக வாசித்தாய் என்று சொன்னால் அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

"சரியாத்தான் வாசிச்சிருக்கீங்க மகள்," என்றாள் றுமைஸா கடைசியில். "அவங்க பிழையா அடிச்சிருக்காங்க."

தர்ஷனா அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள், வகுப்பில் ஆட்டுவது போல. "எங்க வீட்டுக்காரருக்குத் தெரிய வேணாம் மிஸ்," என்றுவிட்டு மேட்டில் ஏறிப் போனாள்.

சங்கத்து மேசையில் போத்தலை வைத்தபோது பஹ்மி அதை வாசித்துவிட்டு, "சரியாத்தானே ஈக்கிது தாத்தா," என்றான். கண்டி முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். பஹ்மி சட்டம் படித்தவன். சங்கத்து வழக்குகளைக் கூலி வாங்காமல் பேசுகிறவன். நல்ல பிள்ளை, அவசரக்காரன்.

"சத்தமா வாசிங்க."

சத்தமாக வாசிக்கும்போதுதான் அவனுடைய குரல் நின்றது. இருக்க வேண்டியதை எதிர்பார்த்தே நம் கண்கள் ஓடுகின்றன; அவன் கண் தானாகவே டு என்பதை டா ஆக்கிக்கொண்டு போயிருந்தது. தமிழ் தெரியாத யாரோ, எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரில், ஒரே ஓர் எழுத்தை மாற்றித் தட்டியிருக்கிறார்கள். தமிழ் தெரிந்த யாரும் அதைப் பார்க்கவில்லை.

சங்கத்திலிருந்து அரசாங்கக் கந்தோருக்கு முறைப்பாடு போனது. கம்பெனியிலிருந்து பதிலும் வந்தது. பஹ்மி அதை வாசித்துவிட்டு மேசையில் எறிந்தான். "என்ன செல்றாங்க தெரியுமா? அச்சுப் பிழைதானாம், அடுத்த தடவை திருத்துவாங்களாம். ஆனா பிள்ளை மௌத்தானதுக்கும் அதுக்கும் தொடர்பில்லையாம். தோட்டத்து ஆக்கள் லேபிள் வாசிக்கிறதில்லையாம். தேய்ச்ச பொம்புளைக்கு எழுத்தே தெரியாதுண்டு போலீஸ்ல அவவே செல்லியிருக்காவாம்." கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "தாத்தா, வாசிச்ச ஒராள் வேணும் எங்களுக்கு. வாசிச்சு, அதை நம்பிப் பாவிச்ச ஒராள். அந்தத் தாய்க்குத் தமிழ் தெரியும்தானே? அவ பாக்கலியா?"

றுமைஸா ஜன்னல் பக்கம் போனாள். கீழே தெருவில் யாரோ ஒருவர் கண்ணாடி போட்டுப் பார்த்து, தூரத்து விளம்பரப் பலகையை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரிய," என்றாள். கண்டிப் பேச்சில் அதற்குத் தெரியாது என்று அர்த்தம். அன்றைக்கு அதைத் தெரியும் என்று எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை.

அதற்குப் பிறகு அவள் கடை கடையாக ஏறி இறங்கினாள். தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் போத்தல்களை உள்ளே எடுத்து வைக்கும்படி கேட்டாள். சிலர் எடுத்தார்கள். மார்க்கெட் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஹபீல் மட்டும் சிரித்தார். "நீங்க வந்தாலே எங்கட சாமான் எல்லாம் பயத்துல திரும்பி நிக்கிது. ஓடர் ஒண்டு காட்டுங்க, இப்பவே எடுக்கிறன். உங்கட வாய்ப் பேச்சுக்கு எடுத்தா கம்பெனிக்காரன் எனக்குச் சாமான் போடுவானா?"

அவர் பேசி முடிக்கும் முன்பே ஒரு பெண் வந்தாள். தோளில் ஒரு குழந்தை. கம்பளித் தொப்பி, மூக்கில் சளி. அதே தைலத்தைக் கேட்டாள்.

"அது வேணாம் மகள்," என்று றுமைஸா முந்தினாள். "சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது."

அந்தப் பெண் போத்தலைத் திருப்பினாள். கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்து வாசித்தாள். பிறகு மரியாதையோடு, பெரியவளைத் திருத்துகிற கூச்சத்தோடு சொன்னாள்: "இல்லியே உம்மா. பாவிக்க வேணும்டு போட்டிருக்கே. பாருங்க."

றுமைஸா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன சொன்னாள், எப்படிச் சொன்னாள் என்று பின்னால் அவளுக்கே நினைவில்லை. அந்தப் பெண் பயந்துபோய் ஒன்றும் வாங்காமல் போய்விட்டாள். ஹபீலும் சிரிப்பை நிறுத்தியிருந்தார். ஆனால் போத்தல்கள் தட்டிலேயே இருந்தன.

அன்று மாலை தர்ஷனாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். வந்து சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. "இன்னும் விக்கிறாங்க மகள்," என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கத்தில் சுப்பம்மா கோழிகளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. பிறகு தொடர்பு அறுந்தது.

விசாரணை நாளில் மூன்று பேரும் வந்திருந்தார்கள். அரசாங்கக் கந்தோரில் நீளமான ஓர் அறை. விசாரிக்கும் அதிகாரி சிங்களத்தில் கேட்பார். ஓர் இளம்பெண் அதைத் தமிழில் சொல்வாள். யுகேஷ் சலவை செய்த சட்டையோடு பின்வரிசை வாங்குப் பலகையில் இருந்தான். அவனுக்குப் பக்கத்தில் தர்ஷனா. சுப்பம்மாவை முன்னால் கூப்பிட்டார்கள். உட்காரச் சொன்னபோதும் அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

கம்பெனியின் சட்டத்தரணி நடுத்தர வயதுக்காரர். கடுமையான மனிதர் என்று சொல்ல முடியாது. தமிழிலேயே, இதமாகவே பேசினார்.

"அம்மா, உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க. கொழுந்து எடுக்கத் தெரியும்."

"அப்ப போத்தல்ல என்ன எழுதியிருந்தாலும் உங்களுக்கு ஒண்டுதான், என்ன?"

"ஒண்ணுதாங்க."

"வேற யாரும் வாசிச்சுச் சொன்னாங்களா?"

சுப்பம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "இல்லீங்க. புள்ளையப் பெத்தவ தூங்கிட்டிருந்தா. நானா எடுத்தேன், நானா தேச்சேன்."

சட்டத்தரணி உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை. பஹ்மி றுமைஸாவின் பக்கம் திரும்பி, "ஏதாவது கேக்க ஈக்கா?" என்று உதட்டை அசைத்தான். தாய் நிஜமாகவே தூங்கினாளா என்ற ஒரே ஒரு கேள்வி போதும் என்று றுமைஸாவுக்குத் தெரியும். ஹபீலின் கடைத் தட்டில் இன்னும் நிற்கும் போத்தல்கள் கண்ணுக்கு முன்னால் வந்தன. தொப்பி போட்ட குழந்தை வந்தது. கூடவே, மடியில் விரித்து வைத்த சுப்பம்மாவின் விரல்களும் வந்தன. ஊர் முழுவதும் காறித் துப்பியதை அந்த மனுசி வாங்கி வைத்துக்கொண்டு நிற்கிறாள். அதை அவள் கையிலிருந்து பிடுங்க நான் யார்? றுமைஸா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் தூங்கல."

குரல் பின்னாலிருந்து வந்தது. தர்ஷனா எழுந்து நின்றாள்.

"நான் முழிச்சுத்தான் இருந்தேன் மதினி."

சுப்பம்மா அப்போதுதான் திரும்பினாள். "ஒக்காருடி," என்றாள், அதட்டலாக. "பித்துப் புடிச்ச மாதிரி பேசாத. ஐயா, புள்ள போன கவலையில அவளுக்கு நெதானம் இல்லீங்க."

அதிகாரி கையை உயர்த்தினார். தர்ஷனாவை முன்னால் வரச் சொல்லி, போத்தலை அவளிடம் கொடுத்து, அன்றைக்கு வாசித்ததை வாசிக்கச் சொன்னார். அந்த வரியை மட்டும் என்றுதான் நினைத்திருப்பார். அவள் மேலிருந்து தொடங்கினாள். வகுப்பில் றுமைஸா பழக்கிய மாதிரி. என்னென்ன சேர்ந்திருக்கிறது, எவ்வளவு, எந்தத் திகதிக்கு முன் பாவிக்க வேண்டும், வெயில் படாமல் வைக்க வேண்டும், செய்கிறவரின் முகவரி. பள்ளிக்கூடப் பிள்ளை போல நிறுத்தி நிறுத்தி, ஒரு சொல்லையும் விடாமல். மொழிபெயர்க்க வந்த பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். கடைசியில் அந்த வரிக்கு வந்தாள்.

"இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பாவிக்க வேண்டும்."

வாசித்து முடித்ததும் போத்தலை மேசையில் வைத்தாள்.

"இத வாசிச்சிட்டுத்தான் தேயிங்கன்னு சொன்னேன். மதினி தானா தேய்க்கல. நான் சொல்லித்தான் தேச்சாங்க," என்றாள்.

யுகேஷ் எழுந்தான். அவன் பெண்சாதியைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தான். "நீயுமா மறைச்ச?" என்றான். "ஒன்னையப் போயி, கைய வெட்டணும்னு..." வாங்கைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டான். கதவு மெதுவாக ஆடி நின்றது.

"ஏன்டி சொன்ன?" சுப்பம்மாவின் குரல் உடைந்தது. "நான்தான் தாங்கிக்கிட்டிருந்தேனே. எனக்குப் பழகிப் போச்சே."

"இன்னும் கடையில வச்சிருக்காங்களாம் மதினி."

முடிவு பின்னால் அறிவிக்கப்படும், அதுவரை மாவட்டத்தில் அந்தத் தைலத்தை விற்கக் கூடாது என்று அதிகாரி எழுதினார். பஹ்மிக்கு முகம் மலர்ந்துவிட்டது. கைகொடுக்க எழுந்தவன், அந்த இரண்டு பெண்களையும் பார்த்ததும் கையை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "ஹபீல் நானாட கடைக்கு முதல்ல போறன் தாத்தா," என்று சொல்லி, உத்தரவின் பிரதியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

வெளியே மழை பிடித்திருந்தது. யுகேஷைக் காணவில்லை. சுப்பம்மா தன் பழைய போனில் அவனுக்கு எடுத்துப் பார்த்தாள். மணி அடித்து அடித்து நின்றது. டைல் கடைக்குப் போயிருப்பான் என்றாள். பிறகு, முன்னாலேயே வீட்டுக்குப் போயிருப்பான் என்றாள். இரண்டையும் அவள் நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது. றுமைஸா குடையை விரித்து இருவரையும் பஸ் நிலையம் வரை கொண்டுவந்து விட்டாள். வழியில் என்னென்னவோ சொல்ல நினைத்தாள். நல்லது செய்தீர்கள் மகள் என்று சொல்லலாம். அதைவிடக் கொடுமையான வார்த்தை வேறு இருக்கிறதா? குடையை அவர்கள் பக்கம் சாய்த்துப் பிடித்து நடந்தாள். பிரியும்போது தர்ஷனாவின் தலையை ஒரு தடவை தடவினாள். அவ்வளவுதான்.

தெருவின் மறுபக்கத்துக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோது இரண்டு பேரும் பஸ்களின் வரிசைக்கு முன்னால் நின்றிருந்தார்கள். சுப்பம்மா நனைந்த தலைப்பால் தர்ஷனாவின் முகத்தைத் துடைத்துவிட்டு, இதுதானா நம் பஸ் என்பது போல ஒன்றைச் சுட்டிக் காட்டினாள். அதன் நெற்றியில், மூன்று மொழியிலும், ஊர்ப்பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. றுமைஸா நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

தர்ஷனா தலையைத் தூக்கவில்லை. பக்கத்தில் கூடையோடு ஒதுங்கி நின்ற கடலைக்காரரிடம் போனாள்.

"அண்ணே, இது ஹேவாஹெட்ட போற பஸ்ஸுங்களா?"

"மேலதான் போட்டிருக்கே புள்ள," என்றார் அவர், பொட்டலம் மடித்தபடி.

அவள் நிமிரவில்லை. மழை தோளில் இறங்க இறங்க, அவருடைய வாயையே பார்த்தபடி, ஆமாம் என்று அவர் சொல்லட்டும் என்று காத்து நின்றாள்.